சமூக நலக் கேள்விக்கு நான் படித்த விதம்

குரூப் 1 மெயின்ஸுக்குப் படித்த முதல் வருடம், மாதிரித் தேர்வு ஒன்றில் சமூக நலக் கொள்கையில் மக்கள் இயக்கங்களின் பங்கைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பத்துத் திட்டங்களின் பெயரையும் ஆண்டையும் வரிசையாக எழுதி வைத்தேன். திருத்திய அண்ணன் ஓரத்தில் எழுதியிருந்தார்: "இதில் மக்கள் எங்கே?"

அது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் திட்டப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரே ஒரு போராட்டத்தை அடியிலிருந்து படித்தேன். ராஜஸ்தானில் 1990 மே 1 அன்று தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பின் போராட்டம். ஐ.ஏ.எஸ். பணியை விட்டு வந்த அருணா ராய் (சென்னையில் பிறந்தவர்), நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு அந்த வட்டாரக் கூலிக்காரர்களும் விவசாயிகளும் சேர்ந்து கட்டிய அமைப்பு அது. அரசு வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. கேட்டால் கணக்கைக் காரணம் காட்டினார்கள். சரி, அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்று மக்கள் நின்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் நடந்த முதல் மக்கள் விசாரணையில், பஞ்சாயத்துச் செலவுக் கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். 1996-இல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில், கணக்கைப் பார்க்கும் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா. 2000-இல் ராஜஸ்தானில் தகவல் உரிமைச் சட்டம் (தமிழ்நாட்டில் 1997-லேயே ஒன்று வந்துவிட்டது), 2005-இல் நாடு முழுமைக்கும். அதே 2005-இல் நிறைவேறிய நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை (வேலைக் கணக்கை ஊர் மக்களே சரிபார்ப்பது) நடத்த வேண்டும் என்றது. கோட் கிரானாவில் ஊர் கூடிச் செய்த காரியம் சட்டத்துக்குள் ஏறிவிட்டது! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு சமூகத் தணிக்கைக் கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்தேன். வேலை பார்த்தவர்களின் பெயரையும் நாட்களையும் வாசித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு பாட்டி எழுந்து, "அந்த வாரம் நான் மக வீட்டுக்குல்ல போயிருந்தேன், எனக்கு எப்படி ஆறு நாள் போட்டீங்க?" என்றார். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. 'வெளிப்படைத்தன்மை' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

நீங்களும் ஒவ்வொரு நலச் சட்டத்துக்கும் யார் கேட்டார்கள், எதை ஆதாரமாக வைத்தார்கள், அது சட்டத்தில் எங்கே வந்து நின்றது என்று தேடுங்கள். பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த உணவு உரிமை வழக்கிலிருந்து 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரை இப்படியே பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் விடைத்தாளில் ஒன்றை விரித்து எழுதுங்கள். மற்றதை ஒரு வரியில் தொட்டால் போதும். அடுத்த மாதிரித் தேர்வில் என் பதில் கோட் கிரானாவில்தான் ஆரம்பித்தது.