டெய்லர் சும்மா தைத்தாலும் கட்டாது

2023 கோடையில் பத்து நாள் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நின்றேன். திருப்பூரில் மெர்ச்சன்டைசராக, அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவனாக, இருப்பவனுக்கு அது வேலையே இல்லை, ஆனால் முதலாளிக்கு ஒரு சந்தேகம். "வங்கதேசத்துக்காரன் நம்மளைவிடக் குறைச்சுக் குடுக்கறான்னா நம்ம லைன்ல எங்கியோ ஓட்டை இருக்குது, போய் என்னன்னு பாருப்பா" என்று அனுப்பிவிட்டார்.

ஓட்டை இருந்தது. ஒரு லைனில் வரிசையாக முப்பது டெய்லர், எட்டு மணி நேரம், மொத்தம் 14,400 நிமிடம். சாதாரண ரவுண்ட் நெக் டீ-ஷர்ட், பீஸுக்கு 8 நிமிடம் என்று கணக்கு. 1,800 பீஸ் வரணும், வந்தது 850. பாதிகூட இல்லை. ஆனால் யாரும் மெதுவாகத் தைக்கவில்லை, அதுதான் விஷயம். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா நான் வாட்ச்சை அமுக்கும் நேரத்துக்குள் டீ-ஷர்ட்டின் தோளைத் தைத்து முடித்துவிடுவார். மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு லைன் மொத்தமும் நின்றது. கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி வேறு லாட்டில் சாயமாகி வந்திருந்தது, பாடித் துணி பக்கத்தில் வைத்தால் ஒரு ஷேடு கம்மி. பாடித் துணி ஓரிடத்தில் நிட்டிங், ரிப் இன்னோரிடத்தில், சாயம் மூன்றாவது இடத்தில், பின்னால் சுருங்காமல் இருக்கத் துணியை இறுக்குகிற காம்பேக்டிங் நான்காவது இடத்தில், நடுவில் டெம்போ. புது ரிப் வர மதியம் ஒரு மணி. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் வெறும் காற்று. கேட்டதற்கு அந்த அக்கா சொன்னது இது: "நாங்க ஸ்லோ இல்லீங்க தம்பி, துணிதான் ஸ்லோ."

நான் ரிப்போர்ட்டில் இதைக் கொஞ்சம் நாகரிகமாக எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது சும்மா இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், அன்றிலிருந்து இந்த விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

அந்த டீ-ஷர்ட் 3 யூரோ. ஐரோப்பாவில் இறங்கும்போது பருத்தி டீ-ஷர்ட்டுக்கு சாதாரண வரி 12 சதவீதம், வளரும் நாடு என்கிற சலுகையில் இந்தியாவுக்கு அப்போது 9.6. அன்றைய 90 ரூபாய் ரேட்டில் பீஸுக்கு 26 ரூபாய்க்குப் பக்கம். வங்கதேசத்தின் டீ-ஷர்ட்டுக்கு அதே துறைமுகத்தில் வரி பூஜ்யம், ஏனென்றால் அது குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலில் இருக்கிறது, ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பட்டியலுக்கு 2001லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. சரி, நாங்கள் அந்தப் பீஸுக்கு டெய்லர்களுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு? 14 ரூபாய். அதாவது முப்பது பேரும் கூலியே வாங்காமல் தைத்துக் கொடுத்திருந்தாலும் அந்த வரி வித்தியாசத்தை எட்டியிருக்க முடியாது. முதலாளி என்னைத் தேடச் சொன்ன ஓட்டையில் பெரிய பங்கு லைனிலேயே இல்லை.

வங்கதேசக் கதையே வர்த்தகச் சட்டத்தில் பிறந்த கதைதான். 1974இல் பணக்கார நாடுகள் பல்லிழை ஒப்பந்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணிமணி வரலாம் என்று கோட்டா போட்டன. கொரியாவுக்குக் கோட்டா இறுகியது. கோட்டா இல்லாத நாடு எது என்று தேடிய கொரியாவின் டேவூ கம்பெனி வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸோடு கைகோத்து, 1979இல் அங்கிருந்து 130 பேரைக் கொரியாவின் பூசானுக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வருடத்தில் வெளியேறி சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள் அல்லது மற்றவர்களுக்குத் தொடங்கிக் கொடுத்தார்கள். கூடவே இரண்டு ஏற்பாடுகள்: இறக்குமதித் துணிக்கு வரி கட்டாமல் வைத்துக்கொள்ளும் பாண்டட் கிடங்கு, அப்புறம் வெளிநாட்டு பையரின் எல்.சி.யை, அதாவது பணம் தருகிறேன் என்று அவர் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தை, காட்டியே துணி வாங்க எல்.சி. திறக்கும் வசதி. கையில் பெரிய முதல் இல்லாதவனும் ஆயிரம் மெஷின் போடலாம். பருத்தியே பெரிதாக விளையாத நாடு உலகத்துக்கு பனியன் தைப்பது இப்படித்தான். நம் ஊர் மில் நூலும் அங்கே போகிறது, அது தனி வயிற்றெரிச்சல்.

அதே வருடங்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? திருப்பூரிலிருந்து நேரடி ஏற்றுமதி ஏறக்குறைய அப்போதுதான், எழுபதுகளின் கடைசியில், இத்தாலிக்காரர்கள் தேடி வந்த பிறகு சூடு பிடித்தது. ஆனால் பனியன் தயாரிப்பு சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்ட பொருள். மெஷினில் இவ்வளவுக்கு மேல் முதலீடு போட்டால் நீ சிறுதொழில் இல்லை, இந்தப் பொருளைத் தயாரிக்க உனக்கு உரிமையும் இல்லை. 1991இல் அந்த எல்லை 60 லட்சம், 1997இல் 3 கோடி ஆக்கினார்கள், மறுபடி 1 கோடிக்கு இறக்கினார்கள். ஏற்றுமதிக்காரர்களுக்கு ஒரு சந்து உண்டு, உற்பத்தியில் இவ்வளவு பங்கை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பெரிதாகப் போகலாம். உள்ளூருக்கு பனியன் போடுபவனுக்கு அந்தச் சந்தும் இல்லை.

என் சித்தப்பா உள்ளூருக்கு பனியன் போட்டவர். தொண்ணூறுகளில் பள்ளி லீவுக்கு அங்கே போவேன். ஒரே காம்பவுண்டில் மூன்று பெயர்ப் பலகை. ஒன்று அவர் பெயரில், ஒன்று சித்தி பெயரில், ஒன்று அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த அவர் மகனின் செல்லப் பெயரைப் போட்டு, பெரியப்பா பங்குதாரராக. நடுவில் ஆளுயரச் சுவர், அதில் ஒரு கதவு. டெய்லர்கள் காலையில் ஒரு கம்பெனியிலும் மதியம் இன்னொரு கம்பெனியிலும் வேலை செய்வார்கள், நாற்காலி மாறாமல். மூன்று பில் புக், மூன்று கரன்ட் சர்வீஸ். ஆபீசர் வருகிறார் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். எனக்கு அது ஒளிந்து பிடிக்கும் விளையாட்டு மாதிரி இருந்தது. பல வருடம் கழித்து "ஏன் சித்தப்பா, ஒரே கம்பெனியா போட்டிருக்கலாமே" என்று கேட்டேன். "பெருசானா தொந்தரவு கண்ணு. வரி ஒரு பக்கம், யூனியன் ஒரு பக்கம், இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம். சின்னதா இருந்தா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்றார்.

யாரும் திரும்பிப் பார்க்காத அளவில் இருப்பதே ஒரு தொழில் உத்தி ஆகிவிட்டது. கலால் வரி விலக்கு வேண்டுமானாலும் சின்னதாக இருக்க வேண்டியிருந்தது, நூறு பேர் ஆகிவிட்டால் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்க வேண்டும் என்பதால் தொண்ணூற்றைந்து பேரோடு நின்றுகொள்ள வேண்டியிருந்தது. இப்படி எல்லாச் சட்டமும் ஒரே திசையில் தள்ளியதில் திருப்பூர் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வளர்ந்தது. ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு கம்பெனிக்குக் கூலிக்குக் கொடுத்து அந்தத் துண்டுகளைக் கோக்கிற ஜாப் ஒர்க் ஏற்பாடு ஓர் அற்புதம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 800 பீஸ் ஆர்டரை நான்கு கலரில் எம்பிராய்டரியோடு கேட்டால் இந்த ஊர்தான் முகம் சுளிக்காமல் எடுக்கும். ஆனால் லட்சம் பீஸ் ஒரே ஸ்டைல் என்று வரும்போதுதான் டெம்போவும் ஷேடு வித்தியாசமும் கழுத்தைப் பிடிக்கின்றன. புது ஸ்டைல் போட்டால் லைன் செட்டாக இரண்டு மூன்று நாள் ஆகும், கை பழகுவதற்குள் எங்களுக்கு ஆர்டரே முடிந்துவிடும். டாக்காவில் அதே கை மாதக் கணக்கில் அதே தோளைத் தைக்கும்.

கோட்டா 2005 ஜனவரி 1 அன்று ஒழிந்தது. பனியனை சிறுதொழில் ஒதுக்கீட்டிலிருந்து விடுவித்ததும் அதே வருடம்தான். பந்தயம் தொடங்கிய பிறகு செருப்பு மாட்டிய மாதிரி. 2024-25 கணக்குக்கு இந்தியாவின் மொத்த ஆயத்த ஆடை ஏற்றுமதி சுமார் 16 பில்லியன் டாலர், வங்கதேசம் சுமார் 39. திருப்பூர் மட்டும் கிட்டத்தட்ட 40,000 கோடி ரூபாய் செய்கிறது, அதைக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டே இந்த இரண்டு எண்களையும் பார்க்கலாம்.

இப்போது முதலாளிமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஒதுக்கீடு போய் இருபது வருடம் ஆகிவிட்டது, சுவர் மட்டும் ஏன் நிற்கிறது? பாதிக் காரணம் சட்டம் இல்லை, பழக்கம். அண்ணன் தம்பி பிரிந்தால் கம்பெனியும் பிரியும். சம்பந்தி வீட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுத்தே ஆகணும். ரிப் தாமதமாக வந்தால் அந்த நஷ்டம் டெய்லர் தலையில் இறங்குகிறது, முதலாளி தலையில் இல்லை, அப்புறம் அவர் எதற்குச் சரிசெய்யப் போகிறார்? பீஸ் ரேட் என்பது வீணாகும் நேரத்தின் செலவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிற திரை. நொய்யல் விஷயத்திலும் இதே கதைதான்: கழிவுநீரை ஆற்றில் விட்டுக் கணக்கில் காட்டாமல் இருந்தோம், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் அந்தச் செலவு விலையில் ஏறியது.

அரசாங்கத் தரப்பிலும் இன்னும் தீரவில்லை. 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி போட்டார்கள், அப்புறம் அவ்வப்போது சில மாதம் விலக்கு, மறுபடி வரி. பெரிய ஏற்றுமதியாளர் அட்வான்ஸ் லைசென்ஸ் எடுத்து வரியில்லாமல் கொண்டுவருவார். பதினைந்து மெஷின் வைத்திருப்பவர் மில்லில் நூல் வாங்குகிறார், அவர் வாங்கும் விலையிலேயே எல்லாம் ஏறியிருக்கும். பாலியஸ்டர் பக்கம் இதைவிட மோசம், இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 என்று ஜி.எஸ்.டி. தலைகீழாக நின்றது, 2025 செப்டம்பரில்தான் எல்லாம் 5 ஆனது. உலகம் பாலியஸ்டர் டிராக் பேன்ட் போட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது.

சரி, வரி வித்தியாசத்துக்கு ஏற்றுமதி ஊக்கத்தொகை கொடுத்து ஈடுகட்டலாமே என்றால், அங்கே உலக வர்த்தக அமைப்பு நிற்கிறது. தலா வருமானம் 1990ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் 1,000 டாலரை மூன்று வருடம் தொடர்ந்து தாண்டிவிட்டால் ஏற்றுமதி மானியம் கொடுக்கக் கூடாது. இந்தியா தாண்டிவிட்டது என்று 2017இல் அறிவித்தார்கள். அமெரிக்கா 2018இல் வழக்குப் போட்டது, 2019 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. நாம் மேல்முறையீடு செய்தோம், ஆனால் அதை விசாரிக்க வேண்டிய அமைப்பில் உறுப்பினர்களை நியமிக்க விடாமல் அமெரிக்காவே தடுத்துக்கொண்டிருந்ததால் அது டிசம்பரில் செயலிழந்துவிட்டது. வழக்கு இன்னும் ஆளில்லாத நாற்காலிகளின் முன்னால்தான் இருக்கிறது. இருந்தாலும் 2020 ஜனவரியில் ஆயத்த ஆடைக்கான 4 சதவீத ஊக்கத்தொகையை 2019 மார்ச் 7 முதலே இல்லை என்று பின்தேதியிட்டு ரத்து செய்தார்கள். அதை நம்பி விலை போட்டு, சரக்கு அனுப்பி, பணமும் வந்து, செலவும் ஆன பிறகு. மிஞ்சியது கட்டிய வரியைத் திருப்பித் தரும் திட்டம், அதற்கு சட்டத்தில் தடை இல்லை.

ஆகஸ்ட் 2025இல் அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது இங்கே எல்லோர் கழுத்தும் ஐரோப்பா பக்கம் திரும்பியது. அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மறுபடி தொடங்கிய பேச்சு 2026 ஜனவரி 27 அன்று முடிந்ததாக அறிவித்தார்கள். ஒப்புதல்கள் எல்லாம் வாங்கி அமலுக்கு வந்தால் பனியனுக்கு வரி பூஜ்யம்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் தொழிலை விட்டு ஆறு வருடம் ஆகிறது, காம்பவுண்டை வாடகைக்கு விட்டிருக்கிறார், வாடகைக்கு வந்தவர்களும் மூன்று பேர், மூன்று பலகை. முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி கண்ணு, அந்த 26 ரூபா இனி யாரு பாக்கெட்டுக்குப் போகும்?" என்றார்.

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு பையரிடமிருந்து மெயில் வந்தது. அடுத்த வருட சீசனுக்கு அதே ரவுண்ட் நெக் டீ-ஷர்ட், அதே துணி, எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் கூட. வரி நிலவரம் மாறப்போவதைக் கருத்தில் கொண்டு விலையைத் திருத்தி அனுப்பவும் என்று கடைசி வாக்கியம். 3 யூரோவில் ஆரம்பித்த அந்தப் பீஸுக்கு அவர் மனதில் வைத்திருந்த விலை 2.78.