ஆறு டாலருக்குள் ஒரு கடைவீதி

அமெரிக்கா வந்த புதிதில் எனக்குப் பெரிய குறையாக இருந்தது சாயங்காலம்தான். மதுரையில் ஏழு மணிக்கு மேல்தான் தெருவுக்கே உயிர் வரும். வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும் மாசி வீதிப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம். நியூயார்க்கின் குயின்ஸில் நாங்கள் குடிவந்த தெருவோ எட்டு மணிக்கே கதவைச் சாத்திவிடும். வெளியே போய் உட்கார வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் உட்கார வேண்டும். சாப்பாட்டு விலை, அதன்மேல் வரி, அதன்மேல் டிப்ஸ். எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இன்னும் போகாத காலம் அது. ‘வீட்டிலேயே ரசம் வைத்துவிடலாம்’ என்றுதான் பேச்சு முடியும்.

அந்த நிலைமையை மாற்றியது குயின்ஸ் நைட் மார்க்கெட். ஃப்ளஷிங் மெடோஸ் கரோனா பூங்காவில், நியூயார்க் ஹால் ஆஃப் சயின்ஸ் என்ற அறிவியல் காட்சியகத்துக்குப் பின்னால், சனிக்கிழமை தோறும் கூடும் சந்தை. 2015இல் ஜான் வாங் என்பவர் தொடங்கினார். தைவானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து டெக்ஸாஸில் வளர்ந்தவர். சின்ன வயதுக் கோடை விடுமுறைகளில் தைவான் இரவுச் சந்தைகளைச் சுற்றியவர். வக்கீல் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார்.

உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அதைவிட முக்கியம், கடைக்காரர்களுக்கு அவர் போட்ட நிபந்தனை: எந்தத் தின்பண்டமும் 5 டாலரைத் தாண்டக் கூடாது. விலைவாசி ஏறிய பிறகு சிலவற்றுக்கு 6 வரை விட்டிருக்கிறார்கள். மன்ஹாட்டனில் ஒரு காப்பியும் பன்னும் அந்த விலைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்த உச்சவரம்புதான் சந்தையின் உயிர் என்பேன். தட்டு சின்னதாக இருக்கும், இருக்கட்டும். நாலு கடையில் நாலு தட்டு வாங்கிப் புல்வெளியில் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடலாம். பிடிக்காமல் போனாலும் மனசு அடித்துக்கொள்ளாது. பேர் தெரியாத ஊரின் பண்டத்தைத் துணிந்து கேட்டு வாங்க வைப்பது அந்த விலைதான்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அவளையும் கூட்டிப்போனோம். ஜூன் மாதம். 7ஆம் எண் ரயிலில் 111ஆம் தெருவில் இறங்கி நடக்கும்போது மணி ஏழரை, வெளிச்சம் அப்படியே இருந்தது. “ராத்திரி சந்தைன்ன, வெயிலடிக்குதேடி?” என்றாள். இங்கே கோடையில் எட்டரைக்குத்தான் சூரியன் மறையும் என்பது அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை, சக்கர நாற்காலியில் பாட்டி, ஒரே தட்டை நாலு பேர் சுற்றி நின்று தின்னும் பள்ளிப் பிள்ளைகள், ஸ்பானிஷ், சீனம், வங்காளம் என்று காதில் விழும் பேச்சு. “திருவிழா மாதிரில்ல இருக்கு” என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் நின்றது பர்மாக் கடை முன்னால். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை ஒருவர் எடுத்து, எஃகு மேசையில் உள்ளங்கையால் தட்டி, ஓரத்தைப் பிடித்து வீசினார். ரெண்டாவது வீச்சில் மாவு விரிந்தது, மூன்றாவதில் அதற்குக் கீழே மேசை தெரிந்தது. நடுவில் கொத்துக்கறியை வைத்து நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டார். அவர்கள் அதைப் பலாத்தா என்கிறார்கள். அம்மா அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நம்ம ஊரு வீச்சுப் பரோட்டா மாஸ்டர் கை இது. நல்லாப் பழகினவன்” என்றாள். அதற்கு மேல் ஒரு சான்றிதழ் மதுரைக்காரியிடமிருந்து வராது.

அடுத்து மேற்கிந்தியத் தீவுப் பண்டம் விற்கும் கடை வரிசையில், எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி அம்மாவின் புடவையைப் பார்த்துத் திரும்பினார். தென்னமெரிக்காவில் இருக்கும் கயானா நாட்டுக்காரர், குயின்ஸிலேயே ரிச்மண்ட் ஹில்லில் வீடு. தன் பாட்டி வழி மதராஸ் என்றார். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கயானாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களில் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. அவர்கள் வாரிசுகள் இன்றும் மாரியம்மன் பூசை செய்கிறார்கள், தப்பு மேளம் அடிக்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாது அவருக்கு. “மாரியம்மா” என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, அவரவர் மொழியில் பேசியபடியே வரிசையில் நகர்ந்தார்கள். நடுவில் நான் சொன்ன மொழிபெயர்ப்பை யாரும் சட்டை செய்யவில்லை.

விற்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க் தெருவில் வண்டி போட்டுச் சாப்பாடு விற்க அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. 1983இல் போட்ட உச்சவரம்பு சுமார் மூவாயிரம் அனுமதிகள்; பல பத்தாண்டுகள் அதை ஏற்றவே இல்லை. கையில் தொழிலும் மனசில் தெம்பும் இருந்தும் வண்டி இறக்க முடியாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். 2021இல்தான் ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புது உரிமங்கள் தரச் சட்டம் வந்தது. கடை வாடகையோ கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட ஊரில், வாரம் ஒரு ராத்திரி கூடாரம் போட்டு, தன் வீட்டுச் சமையலை விற்றுப் பார்க்க முடிவது சின்ன விஷயமில்லை. இங்கே தொடங்கிப் பிறகு சொந்தக் கடை வைத்தவர்கள் இருக்கிறார்கள். கல்லாவில் நிற்கும் பெண் பகலில் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்தவளாக இருப்பாள். அவளிடம் விலை அதிகம் என்று முகம் சுளிக்க எனக்கு மனசு வராது.

குறை இல்லாமல் இல்லை. ஒன்பது மணிக்கு நல்ல கடைகளில் வரிசை முக்கால் மணி நேரம் நீளும், சில பண்டம் தீர்ந்தே போகும். ஆறு மணிக்குள் போய்விடுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் சந்தை. அதே பூங்காவில் யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் நடப்பதால் ஆகஸ்ட் கடைசி வாக்கில் இடைவெளி விடுவார்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். மழை பெய்தால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குக் கடைகள் குறைவு. அவர்கள் முதலில் அதே ரயிலில் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போய், பவுன் தெருவில் 1977இல் கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோயிலைச் சேவித்து, கோயில் கேன்டீனில் ஒரு தோசையை முடித்துவிட்டுச் சந்தைக்குத் திரும்பினால் வயிறும் நிறையும், சுற்றிப் பார்க்கத் தெம்பும் இருக்கும். அம்மாவோடு அடுத்த முறை நாங்கள் அப்படித்தான் போனோம்.