ஹைட்ரஜன்ல இரும்பு எடுக்கற பிளான்ட்டுக்கு டிராயிங் போடறது

நான் பைப்பிங் லேஅவுட் பண்றவன், அதாவது பிளான்ட்ல எந்த பைப் எந்த வழியா போகணும்னு டிராயிங் போடறவன், இப்ப சில வருஷமா வேலை முழுக்க ஹைட்ரஜனை வச்சு இரும்புத் தாதுல இருந்து இரும்பு எடுக்கற பிளான்ட் பக்கம்தான். ஸ்வீடன்ல லூலியோங்கற ஊர்ல ஹைப்ரிட் (HYBRIT)ங்கற திட்டத்தோட பைலட் பிளான்ட், அதாவது சோதனைக்கான சின்ன பிளான்ட், 2020ல ஓட ஆரம்பிச்சுது, அடுத்த வருஷமே அந்த இரும்புல செஞ்ச ஸ்டீல் வோல்வோவுக்குப் போச்சு, அப்ப இருந்தே எனக்கு இந்த வேலை மேல ஒரு கண்ணு.

நிறைய பேர் கேக்கறது, "நிலக்கரி, நேச்சுரல் கேஸுக்குப் பதிலா ஹைட்ரஜன் விடறீங்க, அவ்ளோதானே?"ன்னு. அப்படி இல்லங்க. நேச்சுரல் கேஸ்ல ஓடற ஃபர்னஸ்ல கார்பன் மோனாக்சைடும் இருக்கும், அது தாதுல இருக்கற ஆக்சிஜனை இழுக்கறப்ப கொஞ்சம் சூட்டைக் குடுக்கும், ஹைட்ரஜன் இழுக்கறப்ப சூட்டை வாங்கிக்கும். அந்தச் சூட்டையும் கேஸேதான் சுமந்துட்டுப் போகணும், அதனால கேஸ் அதிகமா ஓடணும், 900 டிகிரிக்கு மேல சூடாக்கணும், ஹீட்டர் பெருசாகும், பைப் பெருசாகும், அதைத் தாங்கற ஸ்ட்ரக்சர், ஃபவுண்டேஷன்னு எல்லாமே மாறிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பைப் லைன் ஒண்ணு இருக்கு. கணக்குப்படி ஒரு டன் இரும்புக்கு 54 கிலோ ஹைட்ரஜன், அது ஆக்சிஜனோட சேந்து கிட்டத்தட்ட 480 லிட்டர் தண்ணி, ஃபர்னஸ் உச்சில ஸ்டீமா வெளிய வரும். கார்பன் டை ஆக்சைடு வரவேண்டிய இடத்துல தண்ணி! அதைக் குளிர வச்சுப் பிடிச்சு, சுத்தம் பண்ணி, தண்ணியைக் கரன்ட்டால பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கற எலக்ட்ரோலைசருக்கே திரும்ப விடலாம். செலவைக் குறைக்கணும்னு மீட்டிங் போட்டா முதல்ல கை வைக்கறது இந்த லைன்லதான், நான் ஒவ்வொரு தடவையும் விடாம சண்டை போடுவேன்.

ஆனா கரன்ட் எங்க இருந்து வருதுன்னு பாக்காம இதைக் கிரீன் ஸ்டீல்னு சொல்லக்கூடாது. அந்த 54 கிலோ ஹைட்ரஜனை எடுக்கவே சுமார் 3000 யூனிட் கரன்ட் ஆகும். நிலக்கரி அதிகமா எரிக்கற நம்ம நாட்டு கிரிட்ல இருந்து அதை எடுத்தா 2 டன் கார்பன் டை ஆக்சைடு ஆயிடும், அது நிலக்கரியில ஓடற பழைய பிளாஸ்ட் ஃபர்னஸ் ஒரு டன்னுக்கு விடற அளவுதான்.

அப்புறம் பாதுகாப்பு. ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதம் கலந்தாலே பத்திக்கும், பகல்ல அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. லீக் ஆனா நேரா மேல போய்டும், அதனால கம்ப்ரசர் ஷெட்டோட கூரையில பீமுக்கு நடுவுல கேஸ் தேங்கற இடம் எதுவும் இருக்கக்கூடாதுன்னு ஒவ்வொரு மூலையா தேடுவோம். ஒரு மாடல் ரிவ்யூவுல, அதாவது பிளான்ட்டோட 3டி மாடலை ஸ்க்ரீன்ல போட்டுப் பாக்கற மீட்டிங்ல, கிளையன்ட் பக்கத்து ஆபரேஷன்ஸ்காரர், வயசானவர், ரொம்ப நேரம் பேசாம ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் ஒரு வால்வைக் காட்டி, "தம்பி, இதை மூட வர்ற பையன் தீ வந்தா எந்தப் பக்கம் ஓடுவான்?"னு கேட்டார். அந்த பிளாட்ஃபார்முக்கு ஏணி ஒரு பக்கம்தான், அதுவும் கம்ப்ரசரைத் தாண்டித்தான் போகணும். டிசைன் விதிகள்படி (கோட்) அதுல தப்பு இல்ல, இருந்தாலும் அன்னிக்கே அந்தப் பக்கத்து ஐசோமெட்ரிக், அதாவது ஒவ்வொரு பைப்புக்கும் தனியா போடற டிராயிங், எல்லாத்தையும் நிறுத்தி, வால்வை இந்தப் பக்கம் கொண்டுவந்து இன்னொரு படிக்கட்டும் வச்சோம். ஷெட்யூல் தள்ளிப்போச்சுன்னு மேல இருந்து கேட்டாங்க, அவர் கேட்ட கேள்வியையே அப்படியே மெயில்ல எழுதி அனுப்பிட்டேன்.