பாஸ்கெட்பால் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸ் அடுத்து எந்த டீமுக்குப் போகணும்? என் ஓட்டு அவரோட பழைய டீம் கிளீவ்லாண்டுக்குத்தான்

காலைல 8 மணிக்கு வேளச்சேரி பறக்கும் ரயில்ல தொங்கிக்கிட்டே போன்ல லெப்ரானோட லேக்கர்ஸ் டீம் மேட்ச் பாக்குற ஆளு நானு, அதனால இதைப் பத்தி பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கு பாஸ். 2025-26க்கு 52.6 மில்லியன் டாலருக்கு லேக்கர்ஸ்லயே இன்னொரு சீசன் இருக்குற ஆப்ஷனை லெப்ரான் எடுத்தாரு, அது முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த டீமோடயும் காண்ட்ராக்ட் போடலாம். வயசு? 1984 டிசம்பர்ல பொறந்தவரு, நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

லேக்கர்ஸ் இப்ப லூக்கா டோன்சிச்சோட டீம், அவரைச் சுத்திதான் இனிமே கட்டுவாங்க, அதுல தப்பும் இல்ல. பையன் பிரானி அங்க இருக்கான்னு சொல்வீங்க, ஆனா அப்பாவும் பையனும் ஒண்ணா ஆடணும்னு இருந்த ஆசை 2024 அக்டோபர்லயே நிறைவேறிடுச்சே.

அதான் கிளீவ்லாண்ட். பக்கத்துல அக்ரான்தான் சொந்த ஊரு, 2010ல டிவில உக்காந்து கிளீவ்லாண்டை விட்டு மயாமி டீமுக்குப் போறேன்னு சொன்னப்ப ஜெர்சிய எரிச்ச அதே ஜனம் 2014ல திரும்ப வந்தப்ப கொண்டாடுச்சு, 2016 ஃபைனல்ஸ்ல ஏழு மேட்ச் தொடர்ல 3-1னு பின்தங்கி இருந்து, அந்த சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச வாரியர்ஸ் டீமையே சாய்ச்சு கப்பு வாங்கிக் குடுத்தாரு, அந்த ஊருக்கு அதுதான் என்பிஏல, அதாவது அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல, முதல் கப்பு (அன்னிக்கு நான் ஆபீஸுக்கு லீவு, காரணம் வயித்து வலி).

பிரச்சன காசுதான். கிளீவ்லாண்ட் பிளேயர்ஸ் டோனவன் மிட்செல், இவான் மோப்லி ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே பெரிய காண்ட்ராக்ட், அதனால லெப்ரானுக்கு மினிமம் சம்பளம் மாதிரிதான் கெடைக்கும். டீக்கடைல மச்சான் "எவன்டா அவ்ளோ காச விட்டுட்டு வருவான்"னு சிரிக்கிறான். ஏற்கெனவே பில்லியனரு மச்சி அவரு!