அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே

எங்கள் வீட்டு வாசலை ஒட்டி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர். திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் ஊர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் போர்செட் மோட்டார்கள் ஓடும். ட்ரான்ஸ்ஃபார்மரும் 'ம்ம்ம்' என்று முழங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் ஏழு வயதில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடத்தைச் சாதகம் பண்ணினேன்.

பாட்டு வாத்தியார் அஞ்சு கட்டைக்குச் சுருதிப்பெட்டி வைப்பார். சுருதி எவ்வளவு உயரம் என்பதற்கான அளவுதான் கட்டை. மூன்று காலமும், அதாவது மூன்று வேகமும், எனக்குப் பிசகாமல் வரும். ஸட்ஜத்தில், அதாவது ஆதார 'ஸ'வில், போய் நின்றால் மட்டும் முகம் சுளிப்பார். "ஏறிப்போய் நிக்கிறியே பாப்பா, இறங்கு." இறங்குவேன். மறுநாள் திரும்ப ஏறியிருக்கும். தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனை ஐந்தில் வராளி ராகத்தில் உள்ளதை மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யைக்கும் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. தை மாதத் தியாகராஜ ஆராதனைப் பந்தலில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துதான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருஷம் பாட்டு டீச்சர். சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்கியது அப்போதுதான். ஒரு ஆடியோ கம்பெனியில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, அதில் வரும் 'மடை' என்றால் யாருக்கும் புரியாது, மாற்றுங்கள் என்றார்கள். மடைக்கு வேறு என்ன வார்த்தை இருக்கிறது? இரண்டு வளையலை அடகு வைத்து நானே பதிவுக்குக் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் ஒரு மாடி அறை ஸ்டூடியோ. முதல் நாளே அழுகை வந்துவிட்டது. காதில் தாளம் காட்டும் கிளிக், 'டிக் டிக்'கென்று. கச்சேரியில் சரணத்துக்கு வரும்போது காலப்பிரமாணம், பாட்டின் வேகம், லேசாக ஏறினால் யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே அரை நொடி ஓடினாலும் திரையில் தெரிகிறது. சுருதி திருத்தும் மென்பொருள் இன்னும் மோசம். தோடி ராகத்தில் என் காந்தார ஸ்வரம் அசைவதைப் பிழையென்று எடுத்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி வெட்டிவைத்தது. அதை அணைக்கச் சொன்னேன். அந்த அசைவு, கமகமே இல்லாமல் ஒரு ஸ்வரத்தை நேராகப் பிடிக்க எனக்கும் ஒரு மாதம் ஆயிற்று. கிட்டாரில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டின்மேல் நிற்க அதுதான் வேண்டியிருந்தது.

ஒலிப்பதிவுத் தம்பி, நான் வீட்டுத் திண்ணையிலிருந்து போனில் பாடி அனுப்பியிருந்தவற்றை ஒருநாள் திரையில் போட்டுப் பார்த்தான். "அக்கா, எல்லாப் பாட்டுலயும் சுருதி ஒரே அளவு தூக்கலா இருக்கு. தப்புன்னா முன்னப்பின்ன இருக்கணுமே." ஹெட்போனைக் கொடுத்தான். என் குரலுக்கு அடியில் அந்த 'ம்ம்ம்'. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் அதற்கு இரட்டிப்பாக, 100 ஹெர்ட்ஸில் முழங்கும். அஞ்சு கட்டை ஸட்ஜம் கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ்தான். நான் ஏறி நின்றது அந்த முழக்கத்தின்மேல். வாத்தியார் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியது என்னோடு இல்லை, மின்வாரியத்தோடு!

ஆல்பத்தில் ஆறு பாட்டு. ஐந்து, முறையான அஞ்சு கட்டையில். மடைப் பாட்டை மட்டும் திண்ணைச் சுருதியிலேயே பாடினேன். கிட்டார்காரர் முனகிக்கொண்டே தந்திகளை ஏற்றினார். புல்லாங்குழல்காரர் சிரித்தார், மூங்கிலை எங்கே முறுக்குவது? அந்தப் பாட்டில் குழல் கிடையாது.