குறுக்குக் காற்றில் நங்கூரம் போட்டு அமரம் கட்டுதல்: ஹைட்ராவில் நாலு முயற்சி

ஏதென்ஸுக்குத் தெற்கே ஹைட்ரா தீவின் துறை, பெரிய கோயில் குளம் ஒன்றைக் கொஞ்சம் நீட்டி வைத்தாற்போல் இருக்கும். கோடையில் பாய்ப்படகுகள் இரண்டு மூன்று வரிசையாக நெருக்கியடித்து நிற்கும். பக்கவாட்டில் அணைத்துக் கட்ட இடம் கிடைக்காது. படகின் முன்முனையான அணியத்திலிருந்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அப்படியே பின்னால் வந்து பின்முனையான அமரத்தைத் துறைச்சுவரில் கட்டவேண்டும். இந்தக் கடலில் ஓதம், அதாவது நீர் ஏறி இறங்கும் அளவு, மிகச் சிறியது என்பதால்தான் இந்த முறை இங்கே செல்லுபடியாகிறது. எட்டு மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்கும் குஜராத்தின் பாவ்நகரில் இப்படிக் கட்டினால், வற்றத்தில் படகு கயிற்றில் தொங்கும்.

காற்று சுவர்ப் பக்கமிருந்து நேராக வந்தால் வேலை எளிது. பக்கத்திலிருந்து 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கி.மீ.) வேகத்தில் அடித்தால்தான் சோதனை. படகு 12 மீட்டர், நங்கூரம் 20 கிலோ, 10 மி.மீ. சங்கிலி 60 மீட்டர். சுவரோரம் கண்ட குளறுபடி அத்தனையும் சுவரிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, நங்கூரம் விழும் நேரத்திலேயே தொடங்கியவை.

முதல் முயற்சியில் கணக்கு தப்பு. ஆழம் 6 மீட்டர், அணியத்தின் உருளை நீர்மட்டத்துக்கு மேல் 1.2 மீட்டர், ஆக 7.2. அதற்கு ஐந்து மடங்கு என்றால் 36 மீட்டர் சங்கிலி வேண்டும். அதோடு படகின் நீளத்தையும் சுவருக்கு விடும் ஒரு மீட்டரையும் கூட்டினால், நங்கூரம் சுவரிலிருந்து ஏறக்குறைய 50 மீட்டரில் விழவேண்டும். அதாவது நாலு படகு நீளம். சுக்கான் பிடிப்பவர் நிற்பது அமரத்தில். அவர் கண்ணுக்கு 50 மீட்டர் என்று படும்போது அணியம் 60 மீட்டரைத் தாண்டியிருக்கும். இதற்குப் பயந்து சுவரை அதிகமாக நெருங்கிப் போட்டால் மூன்று படகு நீளத்தில் விழுந்துவிடும். அப்போது கிடைப்பது 23 மீட்டர் சங்கிலிதான், மூன்று மடங்குக்குச் சற்று மேல். பின்னால் இழுத்ததும் நங்கூரம் சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு கூடவே வந்தது.

இரண்டாவது முயற்சியில் தூரம் சரி. கெடுத்தது சங்கிலியை ஏற்றி இறக்கும் எந்திரமான விண்ட்லாஸ். மின்சாரத்தில் சங்கிலியை இறக்கினால் நிமிடத்துக்கு 25 மீட்டர் போகும். பின்னோக்கிச் செல்லும்போது சுக்கான் பேச்சைக் கேட்க 2 நாட் வேகமாவது வேண்டும்; அது நிமிடத்துக்கு 62 மீட்டர். 36 மீட்டரைப் படகு 35 வினாடியில் கடந்துவிடும். அதற்குள் விண்ட்லாஸ் இறக்குவது 15 மீட்டர்கூட இல்லை. சங்கிலி நடுவழியிலேயே விறைத்து, நங்கூரத்தைப் பிடுங்கி, படகின் வேகத்தையும் கொன்றுவிடும். வேகம் செத்ததும் சுக்கானுக்கு உயிர் போய்விடும். காற்று அணியத்தைப் பிடித்துப் பக்கத்துப் படகின் மேல் சாத்தும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு சுக்கான் பிடித்தவர் தப்புச் செய்ததுபோலவே தெரியும்!

ஆகவே விண்ட்லாஸின் கிளட்ச்சைத் தளர்த்தி, சங்கிலியை அதன் எடையிலேயே ஓடவிட வேண்டும். முதல் 8 மீட்டரை மட்டும் அளந்து விட்டு, நங்கூரம் தரையைத் தொட்டதும் படகின் வேகத்துக்கு ஈடாக ஓடவிடலாம். ஒரேயடியாகக் கொட்டினால் நங்கூரத்தின் தலையிலேயே குவியும். ஐந்து மீட்டருக்கு ஒன்றாகச் சங்கிலியில் வண்ணம் அடித்து வைப்பது நல்லது. ஓடும் சங்கிலியில் நிறம் கண்ணில் படும், மீட்டர் கருவி அவ்வளவாக நம்பத்தக்கதல்ல. கடைசி 10 மீட்டரில் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் நங்கூரம் தரையைக் கவ்வத் தொடங்கும், அணியமும் நேராகும். கை விரல்களும் கால்களும் சங்கிலிக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும்.

மூன்றாவது முயற்சியில் நங்கூரம் பிடித்தது, ஆனால் படகு கோணலாக நின்றது. நம் இடத்துக்கு நேர் எதிரே போட்டதுதான் காரணம். குறுக்குக் காற்றில் சங்கிலி விறைக்கும்வரை அணியம் ஒதுங்கிக்கொண்டே போகும். காற்று வரும் பக்கமாக ஒரு படகு அகலம், நாலு மீட்டர், தள்ளிப் போட்டதும் நாலாவது முறை நேராக வந்தது. அதற்கும் மேல் தள்ளினால் பக்கத்துச் சங்கிலியின் மேல் விழும். அவர்கள் அணியத்திலிருந்து சங்கிலி எந்தக் கோணத்தில் நீருக்குள் போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வலம் சுழலும் புரொபெல்லர் ரிவர்ஸில் அமரத்தை இடப்பக்கம் இழுக்கும். இடமிருந்து காற்று வந்தால் அது உதவி, வலமிருந்து வந்தால் இரட்டைத் தொல்லை. நங்கூரம் போடும் இடத்துக்கு முன்பே இரண்டு மூன்று படகு நீளம் பின்னோக்கி ஓட்டி வேகம் பிடித்துவிட வேண்டும். நின்ற இடத்திலிருந்து தொடங்கினால் காற்று ஜெயிக்கும்.

சுவருக்கு ஒரு மீட்டரில் முன் கியரில் ஒரு தட்டு தட்டி நிறுத்தவேண்டும். காற்று வரும் பக்கத்து அமரக் கயிறுதான் முதலில் கரையேறவேண்டும். அது கட்டியதும் எஞ்சினை மெதுவாக முன் கியரில் வைத்து, சுக்கானைக் காற்றின் பக்கம் திருப்பினால், அணியம் காற்றுக்கு எதிராக நிமிர்ந்து நிற்கும். மற்றக் கயிற்றை நிதானமாகக் கட்டலாம். பிறகு சங்கிலியை இழுத்து இறுக்கிவிட்டு, அதன்மேல் கையை வைத்துப் பார்த்தால் விஷயம் தெரியும். கல்லின் மேல் வண்டி போவதுபோல் தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது. அதிராமல் கம்பிபோல் விறைத்தால் பிடித்துவிட்டது. பாரத்தை விண்ட்லாஸில் விடாமல் நைலான் கயிற்றுக்கு மாற்றவேண்டும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து வரும் அதிவேகப் படகுகளின் அலை உள்ளே புகும் என்பதால், இரவில் சுவருக்கு இடைவெளி இரண்டு மீட்டராவது இருக்கட்டும்.

காலையில் கிளம்பும்போது நம் நங்கூரம் யாருடைய சங்கிலியையாவது தூக்கிக்கொண்டு வரும். ஹைட்ராவில் இது சகஜம், யாரும் கோபிப்பதில்லை. நீர்மட்டம்வரை ஏற்றி நிறுத்தி, அந்தச் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றை விட்டு, இரண்டு முனையையும் நம் அணியத்திலேயே கட்டவேண்டும். இப்போது நம் நங்கூரத்தை ஒரு மீட்டர் இறக்கினால் அவர்கள் பாரம் கயிற்றில் நிற்கும், நம்முடையது கழன்றுகொள்ளும். அதைத் தள்ளி மேலேற்றிய பின் கயிற்றின் ஒரு முனையை விட்டால், அவர்கள் சங்கிலி விழுந்துவிடும். அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததும் சங்கிலி அறையைத் திறந்து பார்க்கவேண்டும். மேலேறிய சங்கிலி கூம்பாகக் குவிந்து, சாய்ந்து, தன்மேல் தானே புரண்டு கிடக்கும். அதைத் தட்டிப் பரப்பாமல் விட்டால் அடுத்த துறையில் பத்தாவது மீட்டரில் சிக்கி நிற்கும்.