கைப்பிடிச் சுவரின் நிழலும் நான்கு பேனல்களும்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு 100 வாட் சோலார் பேனல்களைப் பொருத்துவதற்கு முன்பு, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாக்பீஸும் கையுமாக நிழலைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். மணிக்கொரு முறை நிழலின் விளிம்பைத் தரையில் கோடாக இழுத்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவைத்தேன். வடாம் காயவைக்க மேலே வந்த அம்மா, "என்னப்பா, மாடியில கோலம் போட்டுக்கிட்டு இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிழக்கே பக்கத்து வீட்டுத் தென்னை காலை பத்து மணி வரை மறைக்கிறது; மேற்கு ஓரத்தில் உள்ள மாடிப்படி அறையும் அதன்மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் மூன்று மணிக்கு மேல் மறைக்கின்றன. தெற்குக் கைப்பிடிச் சுவரோரம் மட்டும் நாள் முழுவதும் ஒரு கோடும் விழவில்லை. அதனால் சுவரிலிருந்து ஓர் அடி விட்டு, தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சாய்வில், நீளப் பக்கம் வடக்கு தெற்காக இருக்குமாறு நான்கையும் வரிசையாக நெட்டுவாக்கில் வைத்துவிட்டேன்.

இது எவ்வளவு பெரிய பிழை என்று டிசம்பரில்தான் தெரிந்தது. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். டிசம்பர் 21 வாக்கில் அதுவே தெற்கே 33 டிகிரி சாய்ந்துவிடும். அப்போது 3 அடிச் சுவரின் நிழல் நண்பகலில் ஏறக்குறைய 2 அடியும், காலை ஒன்பது மணிக்கு 3 அடிக்குச் சற்றுக் குறைவாகவும் வடக்கே நீள்கிறது. மே மாதத்தில் நிழலை அளந்தவனுக்கு அந்தச் சுவர் கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை.

பேனலின் அடிப்பகுதியில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் நிழல் விழுந்தது. ஆனால் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமே நின்றுபோயிற்று. காரணத்தைக் கண்ணால் பார்க்க ஒரு பேனலைத் தனியே கழற்றி, வெயிலில் வைத்து, சிறிய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் (பேட்டரியில் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் எளிய வகைக் கருவி) வழியாக 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, ஒரே ஒரு செல்லை, அதாவது பேனலின் கட்டங்களில் ஒன்றை, அட்டைத் துண்டால் மூடினேன். ஐந்து ஆம்பியருக்கு மேல் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. 100 வாட் பேனலில் 36 செல்கள் தொடரிணைப்பில் உள்ளன. அவற்றைப் பதினெட்டுப் பதினெட்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பைபாஸ் டையோடு வைத்திருக்கிறார்கள். ஒரு செல் இருண்டால் அதன் பாதி முழுவதையும் டையோடு சுற்றிக் கடந்துவிடும். அதனால் அந்தச் செல் சூடேறிக் கருகாமல் தப்புகிறது, ஆனால் 18 வோல்ட் 9 வோல்ட்டாகிறது. 9 வோல்ட்டை வைத்துக்கொண்டு 12 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் ஏற்ற முடியாது.

நான்கு நெடுவரிசைகளில் ஒன்பது ஒன்பதாகச் செல்கள் அமைந்த எங்கள் பேனலில், ஒவ்வொரு டையோடும் இரண்டு நெடுவரிசைகளைக் காக்கிறது. நெட்டுவாக்கில் வைக்கும்போது அடியில் விழும் நிழல் நான்கு நெடுவரிசைகளையும் ஒன்றாகத் தொட்டு, இரண்டு பாதிகளையும் சேர்த்து முடக்கிவிடுகிறது. நீளப் பக்கம் சுவருக்கு இணையாக இருக்குமாறு கிடைமட்டமாகத் திருப்பினால், அதே நிழல் கீழ்ப்பாதியோடு நின்றுகொள்ளும். ஜனவரியில் நான்கையும் அப்படித் திருப்பி, சுவரிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளினேன்.

எல்லாவற்றையும் கழற்றியதோடு இணைப்பையும் மாற்றவேண்டியிருந்தது. நிழல் இருந்தால் எல்லாவற்றையும் பக்க இணைப்பில் போடவேண்டும் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது பாதி உண்மை. நான்கையும் பக்க இணைப்பில் கட்டினால் முழு வெயிலில் 22 ஆம்பியர் ஓடும். பேட்டரி கீழ்த்தளத்தில், 15 மீட்டர் தொலைவில் இருக்கிறது. போகவர 30 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளின் மின்தடை ஏறக்குறைய 0.15 ஓம். மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இறங்கி, 400 வாட்டில் 70 வாட் கேபிளைச் சூடாக்கியே போய்விடும். இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரண்டு சரங்களைப் பக்கவாட்டில் சேர்த்தால் 36 வோல்ட்டில் 11 ஆம்பியர்தான்; இழப்பு 20 வாட்டுக்குள் அடங்கிவிடும். இதற்கு, பேனல் அதிகத் திறன் தரும் வோல்ட்டைத் தேடிப் பிடிக்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கட்டாயம் தேவை, ஏனெனில் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவந்துவிடும்.

எந்த இரண்டைச் சேர்த்துக் கட்டுவது என்பதில்தான் முதல்முறை சறுக்கினேன். கேபிள் நீளம் தோதாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக, கிழக்கிலிருந்து எண்ணினால் ஒன்றையும் மூன்றையும், இரண்டையும் நான்கையும் இணைத்திருந்தேன். சுவரோரத்தை விட்டு உள்ளே தள்ளிவிட்டதால் காலையில் தென்னை நிழல் கிழக்குப் பேனல்கள் இரண்டிலும் விழ, இரண்டு சரங்களிலும் ஆளுக்கொரு நொண்டி. அந்த வேளையில் கன்ட்ரோலர் 18 வோல்ட்டுக்கு இறங்கி வந்திருந்தால் வெயிலில் உள்ள இரண்டின் மின்சாரமாவது கிடைத்திருக்கும். ஆனால் நிழல் விழுந்தால், எந்த வோல்ட்டில் எவ்வளவு வாட் என்று காட்டும் மின்திறன் வரைபடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மேடுகள் தோன்றும். விலை குறைந்த கன்ட்ரோலர் தான் நிற்கும் சின்ன மேட்டையே உச்சி என்று நம்பி, 36 வோல்ட் பக்கமே நின்றுவிடுகிறது. எட்டரை மணிக்கு 35 வாட்டைத் தாண்டாது. இப்போது கிழக்குப் பேனல்கள் இரண்டும் ஒரு சரம், மேற்குப் பேனல்கள் இரண்டும் மற்றொரு சரம். அதே எட்டரை மணிக்கு 110 வாட் வரை வருகிறது. ஒரே வேளையில் நிழலில் விழுபவை ஒரே சரத்தில் இருந்தால் மற்றச் சரத்துக்குத் தொந்தரவில்லை, கன்ட்ரோலருக்கும் குழப்பமில்லை.

இரண்டு சரங்கள்தான் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வைக்கவில்லை. மூன்று சரங்கள் ஆகிவிட்டால் அவசியம் வேண்டும், ஏனெனில் ஒன்று பழுதானால் மற்றவை எல்லாம் சேர்ந்து அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும். பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் எப்படியும் இருக்கவேண்டும்.

மிச்சமிருந்தது துணிக்கொடி. ஈர வேட்டியின் நிழல் பட்டாலே ஒரு சரம் தளர்ந்துவிடும் என்பதால் அதைப் பேனல்களுக்கு வடக்கே மாற்றினோம். ஆனால் ஜூனில் வெயில் வடக்கிலிருந்து வருமே. ஆறடி உயரக் கொடியின் நிழல் காலை ஒன்பது மணிக்கு இரண்டரை அடிக்குமேல் தெற்கே நீளும். அதனால் இந்தமுறை கணக்கை டிசம்பருக்கும் ஜூனுக்கும் சேர்த்துப் போட்டு, மூன்றடி தள்ளியே கொடிக்கம்பத்தை நட்டேன்.